பாகப் பிரிவினையும் பின்னக் கழித்தலும்

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் நம் மக்கள் இயற்கணிதப் பாடத்தில் ஓரிடத்திற்கு வந்ததும் தயங்கி நிற்பதைப் பெற்றோர் பலரும் கண்டிருப்பர். பகுதியில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து அமைந்த இரண்டு பின்னங்களைக் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கச் சொல்லும் இடமே அது. 'பகுதிகளைச் சமமாக்கு; பின்னர்த் தொகுதிகளைக் கழி' என்பது விதி. விதி சிறியது, மனனம் செய்வதும் எளிது. ஆயின், பகுதிகளை ஏன் சமமாக்க வேண்டும்? மனிதர்க்கு இப்படியொரு கணக்கு எதற்காகத் தேவைப்பட்டது? இவ்வினாக்களுக்குரிய விடையின் பெரும்பகுதி, நம் மதரஸாக்களில் ஓதப்பெறும் ஃபராயிள் என்னும் வாரிசுரிமைக் கலையோடு பிணைந்து கிடக்கின்றது. அப்பிணைப்பை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறு பின்னங்கள்

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமாகிய அந்நிஸாவில் 11, 12, 176 ஆகிய மூன்று வசனங்கள் இறந்தவரின் சொத்தில் இன்னின்னார்க்கு இவ்வளவு என்று வரையறுத்துக் கூறுகின்றன. அவற்றில் வரும் பின்னங்கள் ஆறே: இரண்டிலொன்று, நான்கிலொன்று, எட்டிலொன்று, மூன்றில் இரண்டு, மூன்றிலொன்று, ஆறிலொன்று. இறந்தவரின் அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாத மரண சாசனம் ஆகியவை போக, எஞ்சிய பொருளே வாரிசுகளைச் சேரும். குறித்த பங்குடையோர் தத்தம் பங்கைப் பெற்றபின் மீதமாவது, மகன் போன்ற எச்ச உரிமையாளரைச் சாரும்.

இங்கேதான் கழித்தல் பிறக்கின்றது. ஒருவர் மனைவி, தாய், ஒரே மகன் ஆகிய மூவரை விட்டு இறந்தார் எனக் கொள்வோம். பிள்ளை இருப்பதால் மனைவிக்கு எட்டிலொன்று. அதாவது நம் முன்னோர் அரைக்கால் என்றழைத்த அளவு. தாய்க்கு ஆறிலொன்று. மீதம் மகனுக்கு. மகனுக்குரியது எவ்வளவு? முழுமையிலிருந்து அரைக்காலையும் ஆறிலொன்றையும் கழித்தாக வேண்டும். எட்டாகக் கூறிட்ட துண்டும் ஆறாகக் கூறிட்ட துண்டும் ஒரே அளவின அல்ல. அளவு வேறுபட்ட துண்டுகளை எண்ணிக் கழித்தால் கிட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. ஆகவே எட்டாலும் ஆறாலும் மீதமின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணாகிய 24-ஐ எடுத்துச் சொத்தை 24 சமக் கூறுகளாக்குகிறோம். மனைவிக்கு 3, தாய்க்கு 4, எஞ்சிய 17 மகனுக்கு. பள்ளி ஆசிரியர் பொதுப் பகுதி என்று கூறும் அந்த 24-ஐயே ஃபராயிள் ஆலிம்கள் 'அஸ்லுல் மஸ்அலா' என்பர். 'கணக்கின் வேர்' என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

திருமறை கூறும் ஆறு பின்னங்களையும் எவ்வகையில் சேர்த்தாலும் இவ்வேர் 2, 3, 4, 6, 8, 12, 24 என்னும் ஏழு எண்களில் ஒன்றாகவே அமையும். ஒரு வகை வாரிசுகள் பலராக இருந்து, அவர்தம் கூறு முழு எண்ணாகப் பிரியாதபோது வேர் பெருகும். அப்பொழுது இரண்டு எண்களுக்கிடையே உள்ள உறவை நான்காகப் பகுத்துப் பார்க்கும்படி ஃபராயிள் நூல்கள் கற்பிக்கின்றன. இரண்டும் ஒரே எண்ணாயின் தமாஸுல், ஒன்று போதும். மூன்றும் ஆறும் போல ஒன்றனுள் ஒன்று அடங்குமாயின் ததாகுல், பெரியதே போதும். ஆறும் எட்டும் போல இரண்டையும் வகுக்கும் எண் ஒன்றிருப்பின் தவாஃபுக்; ஒன்றை அப்பொது எண்ணால் வகுத்து மற்றதால் பெருக்க 24 வரும். மூன்றும் நான்கும் போல ஒட்டுறவே இல்லையாயின் தபாயுன். இரண்டையும் பெருக்க 12 வரும். மீச்சிறு பொது மடங்கு காணும் முறையை இதனினும் தெளிவாகக் கூற இயலுமோ?

பங்குகளின் கூட்டுத்தொகை முழுமையை விஞ்சிவிடும் நிலையும் உண்டு. அலீ (ரலி) அவர்கள் மிம்பர் மீது நின்று பேசிக்கொண்டிருந்தபோது இத்தகைய கணக்கொன்று அவர்கள்முன் வைக்கப்பட்டதாக ஃபராயிள் நூல்கள் கூறும். மனைவி, இரு புதல்வியர், தாய், தந்தை ஆகியோரே வாரிசுகள். 24-இல் மனைவிக்கு 3, புதல்வியர்க்கு 16, தாய்க்கு 4, தந்தைக்கு 4. கூட்டினால் 27. முழுமையோ 24. இந்நிலையில் பகுதியையே 27 ஆக உயர்த்தி, எல்லார் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைப்பதே 'அவ்ல்' என்னும் முறை. மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகிவிட்டது என அவர்கள் அக்கணமே விடை பகர்ந்தார்களாம். 27-இல் 3 என்பது ஒன்பதிலொன்றே அன்றோ! எவருடைய பங்கையும் தனித்துப் பறிக்காமல், குறைவை அனைவர்மீதும் சமமாகப் பரப்பும் நீதியை அந்தப் பகுதியே செய்து முடித்தது.

பக்தாதில் எழுந்த நூல்

கலீபா மஃமூன் 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்தார். அவர் காலத்து பக்தாதில் வாழ்ந்தவரே முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி. 'அல்ஜப்ரு வல்முகாபலா' கணிதம் பற்றி அன்னார் எழுதிய சுருக்க நூலின் பெயரிலிருந்தே 'அல்ஜீப்ரா' என்னும் சொல் ஐரோப்பிய மொழிகளில் புகுந்தது. ஜப்ரு என்பது குறைந்ததை நிறைவாக்குதல். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபியில் இச்சொல்லே வழங்கும். முகாபலா என்பது இருபுறத்தையும் எதிரெதிரே வைத்து ஒத்தவற்றை நீக்குதல்.

இந்நூலை எதற்காக எழுதினார் என்பதை ஆசிரியரே முன்னுரையில் கூறியுள்ளார். வாரிசுரிமை, மரண சாசனம், பாகப் பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படுவதைத் தருவதே தம் நோக்கம் என்கிறார். இது வெறும் முகவுரை அலங்காரம் அன்று. நூலில் ஏறத்தாழப் பாதி மரண சாசனக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றது.

அவற்றுள் ஒன்றைக் காண்போம். ஒரு பெண்மணி கணவன், ஒரு மகன், மூன்று புதல்வியர் ஆகியோரை விட்டு இறக்கின்றார். தம் சொத்தில் எட்டிலொன்றும் ஏழிலொன்றும் அயலார் ஒருவருக்குச் சேர வேண்டுமெனச் சாசனம் செய்திருக்கின்றார். எட்டுக்கும் ஏழுக்கும் ஒட்டுறவு இல்லை. எனவே பொதுப் பகுதி 56. சாசனம் 7-உம் 8-உம் சேர்ந்து 15. 56-இல் 15 மூன்றிலொன்றுக்குள் அடங்குவதால் சாசனம் செல்லும். கழித்தால் எஞ்சுவது 41. இந்த எச்சத்தை வாரிசுகள் 20 கூறாகப் பிரிப்பர்: கணவனுக்கு நான்கிலொன்றாகிய 5, மகனுக்கு 6, புதல்வியர்க்குத் தலைக்கு 3. 41-உம் 20-உம் ஒட்டாத எண்கள். ஆகவே 56-ஐ 20-ஆல் பெருக்கிச் சொத்தை 1120 கூறாக்க வேண்டும். அயலார்க்கு 300, கணவனுக்கு 205, மகனுக்கு 246, ஒவ்வொரு புதல்விக்கும் 123. கூட்டிப் பாருங்கள், ஒரு கூறும் மிஞ்சாது, ஒரு கூறும் குறையாது.

தெரியாத எண் பகுதியில் அமரும்போது

மேற்கண்ட கணக்குகளில் பகுதியில் இருந்தவை யாவும் தெரிந்த எண்கள். பங்கு பெறுவோர் எத்தனை பேர் என்பதே தெரியாவிட்டால்? அல்குவாரிஸ்மி அக்கேள்வியையும் எழுப்பியுள்ளார். அவருடைய கணக்கு வருமாறு: ஒரு திர்ஹத்தைச் சிலருக்குச் சமமாகப் பங்கிடுகிறாய். பின்னர் அவர்களோடு மேலும் ஒருவரைச் சேர்த்து மீண்டும் ஒரு திர்ஹத்தைப் பங்கிடுகிறாய். முன்னைப் பங்கைவிட இப்பொழுது ஒவ்வொருவர் பங்கும் ஒரு திர்ஹத்தின் ஆறிலொன்று குறைகின்றது. முதலில் இருந்தவர் எத்தனை பேர்?

தெரியாத எண்ணை அவர் 'ஷைஉ' என்றார். 'பொருள்' அல்லது 'ஏதோ ஒன்று' என்பது கருத்து. நாம் அதை 'ஷ' என்று குறிப்போம். முதற் பங்கு 1/ஷ. இரண்டாம் பங்கு 1/(ஷ+1). வேறுபாடு ஆறிலொன்று. ஆகவே:

1/ஷ − 1/(ஷ+1) = 1/6

இன்றைய பாடநூலில் வரும் இயற்கணிதப் பின்னக் கழித்தல் இதுவே. ஷ பேருக்கான துண்டும் அவரினும் ஒருவர் மிகுந்தோர்க்கான துண்டும் அளவில் வேறானவை. அரைக்காலையும் ஆறிலொன்றையும் நேரே கழிக்கலாகாது என்ற அதே காரணத்தால் இவற்றையும் நேரே கழிக்கலாகாது. இரண்டுக்கும் பொதுவான பகுதி வேண்டும். ஷ, ஷ+1 ஆகிய இரண்டும் அடுத்தடுத்த எண்கள். ஒன்றைத் தவிர இரண்டையும் வகுக்கும் எண் வேறில்லை. ஃபராயிள் மொழியில் கூறினால் இது தபாயுன். எனவே பெருக்கிக்கொள்வதே வழி. பொதுப் பகுதி ஷ(ஷ+1). முதற் பின்னத்தின் தொகுதி ஷ+1 ஆகும். இரண்டாவதன் தொகுதி ஷ ஆகும். கழித்தால் தொகுதியில் எஞ்சுவது 1.

1/ஷ(ஷ+1) = 1/6

ஷ(ஷ+1) ஆறுக்குச் சமம் என்பதால், ஷ-இன் வர்க்கமும் ஷ-உம் சேர்ந்து 6. அல்குவாரிஸ்மி இதனைத் தம் விதிப்படி முடிக்கின்றார்: வேரின் எண்ணிக்கையில் பாதி அரை, அதன் வர்க்கம் கால், அதை ஆறுடன் கூட்டி வர்க்கமூலம் கண்டால் இரண்டரை, அதில் அரையைக் கழித்தால் 2. முதலில் இருந்தவர் இருவர். சரிபார்த்தல் எளிது. இருவர்க்கு ஆளுக்கு அரைத் திர்ஹம், மூவர்க்கு ஆளுக்கு மூன்றிலொன்று, வேறுபாடு ஆறிலொன்று.

அவருடைய நூலில் ஒரு குறியீடும் இல்லை. எண்களும் சொற்களாகவே எழுதப்பட்டிருந்தன. இன்று நாம் வரைவது போல ஒரு பின்னத்தின் கீழ் மற்றொன்றை எழுதி அவர் கழிக்கவும் இல்லை. பங்குகளின் வேறுபாட்டை முன்னைய ஆட்களின் எண்ணிக்கையாலும் பின்னைய ஆட்களின் எண்ணிக்கையாலும் பெருக்கி, அவ்விரு எண்ணிக்கைகளின் வேறுபாட்டால் வகுத்தால் பங்கிட்ட பொருள் கிட்டும் என்று சொற்களால் விதி தந்தார். உற்று நோக்கினால், இரண்டு எண்ணிக்கைகளாலும் பெருக்குதல் என்பது பொதுப் பகுதியால் பெருக்குதலே என்பது விளங்கும்.

கழித்தலில் உள்ள கண்ணி

பொதுப் பகுதி கண்ட பின்னரும் மாணவர் இடறி விழும் இடம் ஒன்றுண்டு. கழிக்கப்படும் தொகுதியிலேயே ஒரு குறைவு அமைந்திருந்தால், அதைக் கழிக்கும்போது அக்குறைவு கூடுதலாக மாறும். கழித்தல் குறி முதல் உறுப்புக்கு மட்டும் உரியதென எண்ணிவிடுவதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

அல்குவாரிஸ்மி இதற்கெனத் தனியே பயிற்சி தந்துள்ளார். நூறும் ஒரு வர்க்கமும் சேர்ந்து, அதில் இருபது வேர்கள் குறைந்த ஒரு கோவை. அதிலிருந்து, ஐம்பதும் பத்து வேர்களும் சேர்ந்து, அதில் இரண்டு வர்க்கங்கள் குறைந்த மற்றொரு கோவையைக் கழிக்க வேண்டும். விடை: ஐம்பதும் மூன்று வர்க்கங்களும் சேர்ந்து, அதில் முப்பது வேர்கள் குறைவு. இரண்டு வர்க்கங்கள் குறைவாக இருந்தவை, கழித்தபோது கூடுதலாகி, முன்னிருந்த ஒரு வர்க்கத்தோடு சேர்ந்து மூன்றாயின. கடன்பட்டவரின் கடனை நீக்குவது அவருக்குப் பொருள் கொடுப்பதற்கு ஒப்பாகும் என்று நினைத்தால் இது எளிதில் விளங்கும்.

அவருடைய மற்றொரு கணக்கு: பத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மற்றதாலும் மற்றதை இதனாலும் வகுத்துக் கூட்டினால் இரண்டும் ஆறிலொன்றும் வரும். பகுதிகள் ஷ, 10−ஷ. பொதுப் பகுதி இரண்டன் பெருக்கம். விடை நான்கும் ஆறும். நம் பிள்ளைகள் இதையே கழித்தலாக மாற்றிச் செய்து பார்க்கலாம். தொகுதியில் (10−ஷ)-இன் வர்க்கத்திலிருந்து ஷ-இன் வர்க்கத்தைக் கழிக்க, வர்க்கங்கள் நீங்கி 100−20ஷ மட்டும் எஞ்சும். ஷ நான்கு என்றால் தொகுதி 20, பகுதி 24. அதாவது ஆறில் ஐந்து. ஆறை நான்கால் வகுத்த ஒன்றரையிலிருந்து, நான்கை ஆறால் வகுத்த மூன்றில் இரண்டைக் கழித்தாலும் விடை அதுவே.

பின்வந்தோர்

அல்குவாரிஸ்மி இட்ட அடித்தளத்தின்மீது எகிப்தைச் சேர்ந்த அபூகாமில் (ஏறத்தாழ 850–930) உயர எழுப்பினார். இரு எண்களை மாறி மாறி வகுத்துக் கூட்டினால் வருவது, அவற்றின் வர்க்கங்களின் தொகையை அவற்றின் பெருக்கத்தால் வகுத்ததற்குச் சமம் என்பதை அவர் பொது விதியாகவே நிறுவினார். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் எழுதிய அல்கரஜி, தெரியாத எண்ணின் அடுக்குகளோடு அவ்வடுக்குகளால் ஒன்றை வகுத்து வரும் பின்னங்களையும் ஒரே வரிசையில் வைத்துக் கணித்தார். பக்தாதில் யூதக் குடும்பத்தில் பிறந்து 1163-இல் இஸ்லாத்தைத் தழுவிய அஸ்ஸமவ்அல், அவ்வழியை விரித்து, கோவையைக் கோவையால் வகுக்கும் முறையை அட்டவணையிட்டுக் காட்டினார்.

தொகுதிக்கும் பகுதிக்கும் இடையே இன்று நாம் இடும் கிடைக்கோட்டைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் மக்ரிபைச் சேர்ந்த அல்ஹஸ்ஸார் தம் நூலில் கையாண்டார். வட ஆப்பிரிக்கத் துறைமுகமாகிய பிஜாயாவில் இளமையிற் கணக்கு பயின்ற பீசா நகரத்து லியோனார்டோ பிபனாச்சி, 1202-இல் இலத்தீனில் எழுதிய நூலில் அக்கோடு காணப்படுகின்றது. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தலூஸில் பிறந்த அல்கலஸாதி, தெரியாத எண்ணுக்கு 'ஷைஉ' என்பதன் முதலெழுத்தாகிய ஷீனையே குறியாக இட்டு எழுதினார். அவர் ஃபராயிளிலும் நூல்கள் இயற்றியவர் என்பது ஈண்டு கருதத்தக்கது. ஒரே கை இவ்விரண்டு கலைகளையும் எழுதியது.

பெருமை பேசும்போது நடுவுநிலை தவறலாகாது. எண் பின்னங்களைப் பொதுப் பகுதிக்குக் கொணரும் விதியை 628-இல் பிரம்மகுப்தர் தம் நூலில் தந்திருக்கின்றார். தெரியாத எண் பகுதியில் அமைந்த பின்னங்களைக் கிரேக்க மொழியில் எழுதிய தயொபாந்தசு கையாண்டிருக்கின்றார்; அவர் நூலைக் குஸ்தா இப்னு லூகா என்னும் கிறித்தவ அறிஞர் அரபியில் பெயர்த்தார். பக்தாதின் அறிஞர்கள் வெறுங்கையோடு தொடங்கியவர்கள் அல்லர். எவரிடமிருந்தும் கற்கத் தயங்காமல், கற்றதை முறைப்படுத்தி, அதைக் காழியின் அவைக்கும் கடைத்தெருவுக்கும் பயன்படும் கலையாக்கியதே அவர்தம் தனிச்சிறப்பு.

தாமதத்தின் விலை

இவ்வரலாறு நமக்குச் சொல்வது யாது? முன்னோர் புகழைப் பேசி மகிழ்வதோடு நிற்பதற்காக இதை எடுத்துரைக்கவில்லை. சொத்தைப் பிரிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அதன் விளைவையும் இக்கணக்கே காட்டும்.

முன்னர்க் கூறிய குடும்பத்தையே நோக்குவோம். மனைவிக்கு 3, தாய்க்கு 4, மகனுக்கு 17 என 24 கூறு. பிரிக்கும் முன்பே மகனும் இறந்துவிட்டார். அவருக்குத் தாய், மனைவி, ஒரு மகன் உளர். தாய் இருப்பதால் பாட்டிக்கு இவர் சொத்தில் பங்கில்லை. இவர் பங்காகிய 17 கூறுகளையும் இப்பொழுது 24 ஆகப் பிரித்தாக வேண்டும். இறப்பின்மேல் இறப்பு நேரும் இந்நிலையை 'முனாஸகா' என்பர். 17-உம் 24-உம் ஒட்டாத எண்கள். எனவே பொதுப் பகுதி 24-ஐ 24-ஆல் பெருக்கிய 576. முதல்வரின் தாய்க்கு 96. முதல்வரின் மனைவிக்குக் கணவன்வழி 72-உம் மகன்வழி 68-உம் சேர்ந்து 140. மகனின் மனைவிக்கு 51. பேரனுக்கு 289. ஒரே ஒரு தாமதத்தால் 24 ஆக இருந்த பகுதி 576 ஆயிற்று. இன்னும் ஓர் இறப்பு நேர்ந்தால் எங்குச் சென்று நிற்கும்?

பகுதி பெருகப் பெருகக் கணக்கறிந்தவர் குறைவர். கணக்கறிந்தவர் குறையக் குறைய எளியவரின் பங்கு எளிதில் மறையும். 576-இல் 51 என்னும் இளம் விதவையின் கூற்றை யார் நினைவில் வைத்திருப்பார்? சகோதரர்களிடம் கேட்கக் கூசி வாயடைத்திருக்கும் மகளின் பங்கும் இவ்வாறே காலப்போக்கில் கரைந்துபோகின்றது. பங்கு சிறிதாயினும் பெரிதாயினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அது விதிக்கப்பட்டதே என்பது திருமறையின் தீர்ப்பு. 51 கூறும் அவ்விதியில் அடங்கியதே.

ஆகவே பெற்றோர்க்கு ஒன்று சொல்ல விழைகிறோம். பிள்ளை பின்னக் கழித்தலில் தயங்கினால், ஷ-வையும் ஷ+1-ஐயும் சற்றே ஒதுக்கிவைத்து, ஒரு குடும்பத்தின் பாகப் பிரிவினையைக் கணக்காகக் கொடுங்கள். எட்டிலொன்றும் ஆறிலொன்றும் போக மகனுக்கு என்ன எஞ்சும் என்று கேளுங்கள். 24-ஐத் தானே கண்டுகொண்ட பிள்ளைக்கு ஷ(ஷ+1) அச்சமூட்டாது. மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் இக்கணக்கைக் கற்பியுங்கள். தன் பங்கு எத்தனை கூறு என்று தானே கணித்துச் சொல்லத் தெரிந்த பெண்ணை ஏமாற்றுவது அத்துணை எளிதன்று.